ஒரே ஒயினுக்கு மூன்று மார்க் போட்ட டீச்சர்



போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். தங்கை வீட்டுச் சமையலறை மேசை, செய்தித்தாள் சுற்றிய ஒரு பாட்டில், பக்கத்தில் கால் பாகம் சிவப்பு ஒயின் ஊற்றிய கண்ணாடிக் கோப்பை. அதன் கீழே வந்த கருத்துகளில் இரண்டு என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டன. என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த ஒருவர், "டீச்சர், நீங்களுமா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "எத்தனை மார்க் போட்டீங்க டீச்சர்?" என்று கேட்டிருந்தார்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. ஆமாம், நானும்தான். இரண்டு மாதத்தில் எல்லாம் சேர்த்து ஒரு டம்ளர்கூட உள்ளே போயிருக்காது. மிச்சத்தைத் துப்பினேன். ஒயினை மதிப்பிடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் துப்பத்தான் செய்கிறார்கள். இல்லாவிட்டால் பத்தாவது கோப்பையில் மதிப்பிட ஆள் இருக்காது. குடியால் உடைந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. நான் போட்டது ஒரு மார்க் அல்ல, மூன்று மார்க். 9, 5, 8. மூன்றும் ஒரே ஒயினுக்கு. முப்பது வருடத்துக்கு மேல் சிவப்பு மை பிடித்த கை இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கை குடும்பம் பிரான்சின் தெற்கே அவிஞ்ஞோன் நகரில் இருக்கிறது. அவள் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் புதுச்சேரி வழக்கில் சொன்னால் 'சொல்தா'. அவிஞ்ஞோனுக்கு வடக்கே, ஒராஞ்ஜ் நகருக்குப் போகும் வழியில் ஷாத்தோநெஃப் து பாப் என்று ஓர் ஊர். 'போப்பின் புதுக் கோட்டை' என்று பொருள். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமாபுரியை விட்டு அவிஞ்ஞோனில் இருந்தார்கள் அல்லவா, அப்போது இருபத்திரண்டாம் ஜான் என்ற போப் கோடைக்காலத்துக்காக அங்கே கோட்டை கட்டினார். இன்று ஒரு சுவரும் கொஞ்சம் இடிபாடும்தான் நிற்கின்றன. கீழே பார்த்த இடமெல்லாம் திராட்சை.

அந்த மண்ணைப் பார்த்தால் நம் ஊர் விவசாயி தலையில் கை வைத்துக்கொள்வார். பல வயல்களில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. தேங்காய் அளவுக்கு உருண்டைக் கூழாங்கற்கள், ரோன் நதி பழங்காலத்தில் உருட்டிக்கொண்டு வந்து போட்டவை. பகலில் வெயிலை வாங்கி இரவில் திருப்பிக் கொடுக்கும். வடக்கிலிருந்து 'மிஸ்த்ரால்' என்று ஒரு காற்று அடிக்கும், குடையை மட்டுமல்ல ஆளையும் தூக்கும். அந்தக் கல்லிலும் காற்றிலும் பந்தல் இல்லாமல், கம்பி இல்லாமல், இடுப்புயரத்துக்குக் குட்டையாக நிற்கும் கொடிதான் கிரெனாஷ். ஸ்பெயினில் இதையே கர்னாச்சா என்கிறார்கள். அந்த ஊர்ச் சட்டம் 13 வகைத் திராட்சைகளை அனுமதிக்கிறது. ஆனாலும் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இது ஒன்றுதான். நிறத்துக்கும் முதுகெலும்புக்கும் சிரா, மூர்வேத்ர் என்ற வகைகளைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள்.

இந்தக் கிரெனாஷின் குணத்தைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் நான் சொல்வது விளங்கும். தோல் மெல்லியது, அதனால் நிறம் குறைவு. புளிப்பு குறைவு. தாமதமாகப் பழுக்கும். ஆனால் பழுக்கத் தொடங்கிவிட்டால் சர்க்கரை மளமளவென்று ஏறும். அந்தச் சர்க்கரை முழுவதும் நொதித்துச் சாராயமாக மாறுவதால் 14, 15 சதவீதம் என்பது அங்கே சாதாரணம். எங்கள் பாட்டிலில் 15.5 என்று அச்சிட்டிருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கை வீட்டுக்காரர் அந்த ஊர்ப் பண்ணை ஒன்றில் ஒரே ஆண்டு ஒயின் 6 பாட்டில் கொண்ட பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார். "அக்கா, நீங்க டீச்சராச்சே, மார்க் போடுங்க பார்ப்போம்" என்று ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டுவந்து ஊற்றினார். கீழ்த்தள அறையில் குளுமையாக இருந்த பாட்டில். எப்படிப் பார்ப்பது என்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்: முதலில் கண், பிறகு மூக்கு, கடைசியில் நாக்கு. மூக்கருகே கொண்டுபோனேன். ஸ்ட்ராபெர்ரி ஜாம் காய்ச்சும் வாசனை. அதன் பின்னால் சந்தேகமில்லாமல் அதிமதுரம். அதற்கும் பின்னால், அந்த ஊர்க் குன்றுகளில் தானாக முளைக்கும் தைம், ரோஸ்மேரி செடிகள் வெயிலில் காய்ந்த மணம். வாயில் வைத்ததும் நாக்கு முழுவதும் பட்டுத்துணி விரித்த மாதிரி. இனிப்பு. ஒரே வாய்தான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 9 என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

நான்கு நாள் கழித்து அந்த ஊருக்கே போனோம். இரண்டு பண்ணைகளில் நாலைந்து வகை சுவைத்துப் பார்த்துவிட்டு, வெயிலில் அலைந்து, மாலை வீடு திரும்பினோம். சமையலறை கொதித்துக்கொண்டிருந்தது. அலமாரியிலிருந்து மறுபடி ஒரு செய்தித்தாள் பாட்டில். ஒரு வாய் வைத்தேன். தொண்டையில் சுரீரென்று எரிந்தது. பழம் எங்கோ போய்விட்டது. வெல்லம் அதிகமாகிப்போன கஷாயம் மாதிரி இருந்தது. "இது வேண்டாம்ப்பா" என்று தள்ளிவைத்துவிட்டு 5 போட்டேன்.

அடுத்த ஞாயிறு தங்கை ஆட்டுக்கறியை ஒலிவக்காய் போட்டு மெதுவாக மூன்று மணி நேரம் வேகவைத்திருந்தாள். மூன்றாவது பாட்டில் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் இருந்துவிட்டு வந்தது. ஒரு கவளம், ஒரு வாய். கறியின் கொழுப்பை ஒயினின் துவர்ப்பு துடைத்தது. ஒயினின் சூட்டைக் கறி தணித்தது. எரிச்சல் இல்லை. துப்பிய பிறகும் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு மணம் வெகுநேரம் நின்றது. 8 போட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே மூன்று செய்தித்தாளையும் பிரித்தார். "அக்கா, மூணும் ஒண்ணுதான்."

தங்கை சிரித்தாள், அவள் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பி அடித்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு படித்துப் பார்த்ததில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ஆண்டுதோறும் ஒயின் போட்டி நடக்கும். ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் அங்கே நடுவர்களுக்குத் தெரியாமல் ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்ற வைத்தார். 2008-ல் முடிவை வெளியிட்டார். பழுத்த நடுவர்களிலேயே பத்தில் ஒருவர்தான் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே தரத்தைக் கொடுத்திருந்தார். அதற்கு முன்பே, 2001-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், போர்தோவில் ஒயின் இயல் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அதே ஒயினை வெள்ளையாகக் கொடுத்தபோது வெள்ளைக்குரிய சொற்களால் வருணித்தவர்கள், சாயம் கலந்ததும் சிவப்பு ஒயினுக்குரிய மணங்களை அடுக்கினார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது.

ஆகத் தவறு என் ஒருத்தியுடையது இல்லை. அதற்காக அது தவறு இல்லை என்று ஆகிவிடுமா?

யோசித்துப் பார்த்தால் மூன்று மார்க்குக்கும் காரணம் இருந்தது. முதல் நாள் ஒரே வாயோடு நிறுத்திக்கொண்டேன். செழிப்பான ஒயினுக்கு முதல் வாய்தான் பலம். அது அப்போதே மயக்கிவிடும். இரண்டாவது நாள் என் நாக்கு களைத்திருந்தது, ஒயின் சூடாக இருந்தது. சூட்டில் சாராயம் முன்னால் வந்து நிற்கும், பழம் பின்னால் போகும். இந்த வகையை 16 முதல் 18 டிகிரிக்குள் வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்கிறார்கள். மூன்றாவது நாள் சாப்பாடு துணை நின்றது. இவ்வளவும் என் மனத்தில் இருந்தன. ஆனால் காலண்டர் தாளில் இருந்தது வெறும் 9, 5, 8. அந்தத் தாளை நாளைக்கு யாராவது எடுத்துப் பார்த்தால் அவருக்கு என்ன தெரியும்?

இங்கே ராபர்ட் பார்க்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்க வழக்கறிஞர். 1978-ல் ஒயினுக்கென்று ஒரு செய்தி மடல் தொடங்கினார். பள்ளிக்கூடத்து மார்க் மாதிரியே நூற்றுக்கு இத்தனை என்று போட்டார். அதில் ஒரு வேடிக்கை, எல்லா ஒயினுக்கும் 50 மார்க் இலவசம். மிச்ச 50-ல் நிறத்துக்கு 5, மணத்துக்கு 15, சுவைக்கும் நீட்சிக்கும் 20, மொத்தத் தரத்துக்கு 10. நம் வகுப்பில் பெயர் மட்டும் எழுதிக் கொடுத்தவனுக்கும் ஐம்பது என்கிற மாதிரி. ஆனால் அவரைக் குறை மட்டும் சொல்லக்கூடாது. ஒயினை விற்கிறவர்களே அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், விற்பவருக்குக் கடன்படாமல் வாங்குபவர் பக்கம் நின்று எழுதினார். தெற்கு ரோன் பகுதியின் செழிப்பான கிரெனாஷ் அவருக்கு மிகவும் பிடிக்கும். அவர் கொடுத்த மார்க்கால் கடல் கடந்து சந்தை பிடித்த சிறு குடும்பங்கள் அந்த ஊரில் உண்டு. அவர் மார்க்கோடு குறிப்பும் எழுதினார். ஆனால் கடைக்காரர் அலமாரியில் ஒட்டி வைத்தது எண்ணைத்தான்.

எண் மட்டும் நிலைத்தால் என்ன ஆகும் என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். நீளமாக எழுதினால் மார்க் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் பக்கத்தை நிரப்புவார்கள். ஒயினிலும் அதுவே நடந்தது. கெட்டியாக, கறுப்பாக, இனிப்பாக இருந்தால் மார்க் என்று ஆனபிறகு, எல்லாரும் இல்லாவிட்டாலும் பலர் அறுவடையைத் தள்ளிப்போட்டார்கள்; தோலை அதிக நாள் ஊறவைத்து நிறம் இறக்கினார்கள். புவி வெப்பமும் சேர்ந்துகொண்டது. பரோன் லெ ருவா என்ற வழக்கறிஞர்-விவசாயி 1923-ல் அந்த ஊருக்கு ஒழுங்குவிதிகள் வகுக்கத் தலைமை தாங்கினார். 1936-ல் அவை அரசு ஆணையாயின. அதில் குறைந்தது 12.5 சதவீதச் சாராயம் இருக்கவேண்டும் என்று ஒரு விதி. அன்று கவலை, பழம் பழுக்காமல் போய்விடுமோ என்பது. நூறு வருடம் கழித்து அதே ஊரில் கவலை, அதிகமாகப் பழுத்துவிடுமோ என்பது.

இத்தனைக்கும் அந்த ஊரிலேயே ஷாத்தோ ரயாஸ் என்று புகழ்பெற்ற பண்ணை ஒன்று உண்டு. கூழாங்கல் இல்லாத மணல் நிலம், கிரெனாஷ் மட்டுமே. அதன் நிறம் வெளிறியது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். விலையைப் பார்த்து நான் கிட்டேயே போகவில்லை. ஆனால் நிறம்தான் தரம் என்பவருக்கு அந்த ஒரு பெயரே பதில்.

என் கருத்து இதுதான். செழிப்பு என்பது ஒரு குணம்; அது தகுதி ஆகிவிடாது. கெட்டியாக இருப்பதற்கு மார்க் கிடையாது, மெல்லிசாக இருப்பதற்கும் கிடையாது. ஒயின் படிப்பு சொல்லித்தரும் இடங்களில் நான்கு கேள்வி கேட்கச் சொல்கிறார்கள். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, சூடு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா? விழுங்கிய அல்லது துப்பிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது? மணம் தெளிவாக, அழுத்தமாக இருக்கிறதா? ஒரே மணமா, ஒன்றன்பின் ஒன்றாகப் பல மணங்களா? செழிப்பான கிரெனாஷுக்கு இவற்றில் முதல் கேள்விதான் அக்கினிப் பரீட்சை. இயல்பிலேயே புளிப்பு குறைவு, சாராயம் அதிகம். தராசின் ஒரு தட்டு பிறவியிலேயே தாழ்ந்த பொருள். அதை நேராக நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் மதிப்பீடு. கோப்பையின் உட்புறம் வழியும் திவலைகளைப் பார்த்து 'ஆகா' என்பவர்கள் உண்டு. அது சாராய அளவைத்தான் காட்டும், தரத்தை அல்ல.

நம்மிடம் இதற்கு நல்ல சொற்களும் இருக்கின்றன. துவர்ப்பைத் தனிச் சுவையாக எண்ணி அறுசுவையில் வைத்தவர்கள் நாம். கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, வாழைக்காய்க் கறை என்று துவர்ப்பிலேயே வேறுபாடு தெரிந்த நாக்கு நம்முடையது. அந்த நாக்கை வைத்துக்கொண்டு எண் மட்டும் எழுதியது என் சோம்பல்.

இப்போது அந்த ஒயினுக்கு நான் எழுதியிருக்கவேண்டிய குறிப்பை எழுதுகிறேன். நிறம் நடுத்தரச் சிவப்பு, ஓரத்தில் செங்கல் சாயல் தொடங்கிவிட்டது. மணம் காய்ச்சிய ஸ்ட்ராபெர்ரி, அதிமதுரம், காய்ந்த மூலிகை, கடைசியில் ஆரஞ்சுத் தோல். தெளிவாகவும் பலவாகவும் இருக்கிறது. வாயில் நிறைவு. இனிப்பு போலத் தோன்றுவது சர்க்கரை அல்ல. பழுத்த பழமும் சாராயமும் தரும் உணர்வு. துவர்ப்பு மென்மை, கொட்டைப்பாக்கு அல்ல, பழுத்த நாவல்பழத் தோல். புளிப்பு மட்டாக இருக்கிறது. அதனால் தனியாகக் குடித்தால் இரண்டாவது வாயிலேயே திகட்டும். சூடானால் தொண்டை எரியும், அது இதன் உண்மையான குறை. குளிர்த்தி, கொழுப்புள்ள கறி, பொறுமை மூன்றும் இருந்தால் நல்ல ஒயின். மேசையில் நடுநாயகமாக வைக்காமல் சாப்பாட்டுக்குத் துணையாக வைக்கவேண்டியது.

மார்க்? கேட்டே தீருவீர்கள் என்றால், 7-க்கும் 8-க்கும் நடுவில். ஆனால் மேலே உள்ள குறிப்பைப் படிக்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்பீர்கள். பல வருடத்துக்கு முன் ஏழாம் வகுப்பு அறிவியல் தேர்வு. "மழை எப்படிப் பெய்கிறது?" என்ற கேள்வி. ஒரு பையன் தன் தாளையும் பக்கத்துப் பையன் தாளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "டீச்சர், ரெண்டு பேரும் ஒண்ணேதான் எழுதியிருக்கோம். அவனுக்கு எட்டு, எனக்கு ஏன் ஆறு?" பார்த்தேன். விஷயம் ஒன்றுதான். அந்த இன்னொரு தாள் முத்து முத்தான கையெழுத்து, அடிக்கோடு, இரண்டு வரி அதிகம், மேகத்துக்கு நீல வண்ணம். இவனுடையது கோழிக் கிறுக்கல். அதோடு நான் இவன் தாளைத் திருத்தியபோது இரவு பதினொன்று தாண்டியிருந்தது. "கையெழுத்தைப் பாரு, போய் உட்காரு" என்றேன். அவன் போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அடுத்த தேர்விலிருந்து பெயர் எழுதிய இடத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் திருத்தினேன். மார்க் குறைத்தால் ஓரத்தில் ஒரு வரி காரணம் எழுதினேன். அதிக நேரம் பிடிக்கும், மற்ற ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அந்த ஒரு வரியில்தான் பிள்ளைக்கு அடுத்த முறை என்ன செய்வது என்று தெரியும். 6 என்ற எண் அவனுக்கு எதையும் கற்றுத்தராது. ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பழக்கமும் என்னை விட்டுப் போயிருந்தது போலும். ஒரு செய்தித்தாள் பாட்டில் அதை ஞாபகப்படுத்தியது.

ஒயினுக்கு உணர்ச்சி இல்லை, மூன்று மார்க் போட்டாலும் அழாது. ஆனால் அதை விளைவித்த குடும்பத்துக்கு ஒரு வருட உழைப்பு அந்த எண்ணில் இருக்கிறது. இயந்திரம் வைக்கக்கூடாது என்பது அங்கே விதி. கையால் பறித்து, கெட்ட பழத்தைப் பொறுக்கி எறிந்து செய்கிறார்கள். ஒரு ஆசிரியருக்குக் கையில் வரும் ஒவ்வொரு தாளும் அப்படித்தான்.

இப்போது ஆசிரியராக இருப்பவர்களுக்கும், மாமியார் சமையல் முதல் மருமகள் காப்பி வரை மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கும் நம் எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள். எண் போடுவதற்கு முன் இரண்டு முறை சுவையுங்கள். போட்டால் காரணம் எழுதுங்கள்.

அந்தப் பையன் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான். இதை எப்படியாவது அவன் படிக்க நேர்ந்தால்: அந்த இரண்டு மார்க் உன்னுடையதுதான்ப்பா. அன்றைக்கே கொடுத்திருக்கவேண்டும்.

உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். படித்துவிட்டுத்தான் தூங்குவேன்.